அடிமரத்திடம் சொன்னது

"நான் செத்தா இந்த வீட்ல ஒரு நாற்காலிகூட அழாது" என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். சும்மா சிரிப்புக்காகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசிக் காதில் நுழையாமல் அரைமணி நேரமாக அடம்பிடித்த நூலை அவள் கீழே வைத்துவிட்டாள். அந்த வாக்கியம் அவளுடையது. சொல்லுக்குச் சொல் அவளுடையது. ஐந்து நாளைக்கு முன்னால், இதே மேசையில், பாதி தைத்த ஒரு பழுப்புத் துணிக் காளானின் திறப்பில் வாயை வைத்து அவள் அதைச் சொல்லியிருந்தாள். அப்போது சின்னவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கடி கேட்ட?"

"எதை?"

"நாற்காலி அழாதுன்னு."

சின்னவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள். "நீதான்க்கா சொன்ன."

"எப்ப?"

"எப்பவோ. உன் குரல்லதான் ஞாபகம் இருக்கு." தோள்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெங்காயம் கண்ணுல ஏறுது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறயேன்."

பெரியவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே சலவைக் கடையிலிருந்து நீராவி மேலே வந்தது. அந்த வீடே சலவைக் கடைக்கு மேல் இருக்கிற இரண்டு அறைதான். பகல் முழுக்கத் தரை வெதுவெதுப்பாக இருக்கும், சூடு பட்ட துணியின் வாசனையும் சோப்பு வாசனையும் சுவரில் ஊறியிருக்கும், இஸ்திரி இயந்திரம் நிமிஷத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடும். பின்னறையில் சமையலும் தூக்கமும். முன்னறையில் வேலை. முன்னறை அலமாரியில் இப்போது ஒரு காடு நின்றுகொண்டிருந்தது.

நூலகத்தில் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கிற மூலைக்காக வந்த வேலை அது. துணியிலேயே நாற்பது உருவங்கள் வேண்டும், குழந்தை மேலே விழுந்தாலும் வலிக்கக் கூடாது என்று நூலகர் கேட்டிருந்தார். எதைப் பேசினாலும் பாதியில் விரலை உதட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் அவருக்கு. அக்காளும் தங்கையும் அவருக்கு வைத்த பெயர் 'உஷ்'. வெள்ளிக்கிழமை காலை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

மஸ்லின் துணியில் ஓட்டுத்தையல் போட்டு இழுத்தால் காளானின் அடிப்பக்க மடிப்புகள் வந்துவிடும். பழைய கம்பளிச் சட்டையை வெந்நீரில் அலசிச் சுருங்க வைத்து, அதன்மேல் நூற்றுக்கணக்கில் முடிச்சுத் தையல் போட்டால் பாசி. ஆர்கன்ஸா என்கிற மெல்லிய கண்ணாடித் துணியின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குக் காட்டினால், அது தானாகச் சுருண்டு, பட்டை மேல் படர்கிற வெளுத்த பூஞ்சை ஆகிவிடும். மரப்பட்டையின் நிறத்துக்குத் தேயிலைச் சாயம். பதினெட்டு வருஷமாகப் பெரியவள் இதைத்தான் செய்கிறாள். காட்டுக்குள் அவள் போனதே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் கொசு கடித்துத் திரும்பி வந்தாள்.

எந்த உருவமானாலும் உள்பக்கம் வெளியே இருக்கும்படிதான் தைக்க வேண்டும். தைத்து முடித்து, இரண்டு விரல் அகலம் விட்டிருக்கிற திறப்பு வழியாக அதை வெளியே திருப்ப வேண்டும். திருப்பினதும் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்; திறப்பில் வாயை வைத்து ஊதினால் விரியும். அப்புறம் தூரிகையின் பின்கட்டையால் பஞ்சைத் திணித்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் மூடிவிடுவது. ஊதுவது தொழில். ஊதிய வாயை எடுக்காமல் அப்படியே பேச ஆரம்பித்தது அவளுடைய பழக்கம்.

இரண்டு அறை, இரண்டு பேர். மனசைக் கொட்ட ஒரு இடம் வேண்டாமா? மனிதர்களிடம் சொன்னால் மறுநாளே ஊருக்குத் தெரியும். துணிக்குள் சொல்லி, பஞ்சால் அமுக்கி, தைத்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. எத்தனையோ பல் மருத்துவர்களின் வரவேற்பறையில் அவளுடைய கோபங்கள் தூசி தட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வந்து அவளைக் கேள்வி கேட்டதில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியவள் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். வேலை அறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அவ்வளவுதான், ஒட்டுக் கேட்டிருக்கிறாள் என்று தீர்மானித்தாள். மாடிக்குப் போகிற மாதிரி போய், செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து நின்றிருக்கிறாள். மூன்று வருஷமாகக் கூட வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்கு இந்த நன்றியா என்று நெஞ்சு எரிந்தது. துரோகம் செய்தவர்களுக்கு அடுத்தவர் துரோகம் சீக்கிரம் கண்ணில் படும், அவளுக்கும் பட்டது.

அவள் செய்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னவளுக்குப் புருஷன் இருந்தான், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், அதிகம் பேசாத நல்ல மனுஷன். அந்தச் சமயத்தில்தான் பெரியவளின் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. ஊசி குத்தினால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தது. ஒரு மாசம் வந்து இருடி என்று தங்கையைக் கூப்பிட்டாள். வந்தாள். வீட்டில் இன்னொரு மூச்சு இருந்தது. இரண்டு தட்டு இருந்தது. மாசம் முடிகிற நேரத்தில், சின்னவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"அவ அங்க வரவே பயப்படுறா மாப்பிள்ளை" என்றாள் பெரியவள். "உங்ககிட்ட சொல்லத் தெரியாம முழிக்கிறா. கொஞ்ச நாள் கூப்பிடாம விட்டுடுங்க."

குளித்துவிட்டு வந்தவளிடம், "அவர் பேசினாருடி. கொஞ்ச நாள் தனியா நிம்மதியா இருக்கேன்னாரு" என்றாள்.

இரண்டு பேருமே ரோஷக்காரர்கள். எந்தத் துணி எந்தப் பக்கம் இழுத்தால் கிழியும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒருத்தர் கூப்பிடட்டும் என்று இன்னொருத்தர் காத்திருந்து, மூன்று மாசம் ஆறு மாசமாகி, கடைசியில் வக்கீலின் கடிதம் வந்தது. சின்னவள் எட்டு நாள் அழுதாள். அழுததெல்லாம் அக்காளின் மடியில்.

இதைப் பதினைந்து நாளைக்கு முன்னால் அவள் அடிமரத்துக்குள் சொல்லியிருந்தாள். காட்டின் நடுவில் நிற்க வேண்டிய பெரிய உருவம் அது. நாலு வயசுக் குழந்தை உயரம், வரிவரியான கார்டுராய்த் துணியும் வெல்வெட்டும் ஒட்டுப்போட்ட பட்டை, குழந்தைகள் கையை விட்டுப் பார்ப்பதற்காக நடுவில் ஒரு பொந்து. அடிப்பக்கத் திறப்பு முகமே நுழைகிற அளவுக்குப் பெரிது. முகத்தை உள்ளே வைத்து, அரைமணி நேரம், அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னதும் உடம்பு இலேசாகிப் போனது. ஆறு கிலோ பஞ்சு போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை அது போய்விட்டால் அவளும் மறந்துவிடலாம்.

சின்னவளுக்கு அது தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள். அப்புறம் மரத்த கையும் இரண்டு அறையும்தான் மிச்சம். அதைப் பெரியவள் ஒரு நாளில் பத்துத் தடவை நினைத்துப் பார்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை வேலை அறைக் கதவிடுக்கில் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்தாள்.

அன்று மத்தியானம் சின்னவள் கூழாங்கல்லுக்குப் பாசி தைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சுகள் எல்லாம் கடுகு அளவில், ஒரே சீராக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. திடீரென்று அவள் கை தாறுமாறானது. முடிச்சு பெரிதாக விழுந்தது, அடுத்தது தளர்ந்து தொங்கியது.

"என்னடி ஆச்சு?"

"வேணும்னுதான்க்கா. என் முடிச்சு உன்னுதை விட நல்லா இருக்குன்னு உனக்கு வயிறு எரியுதில்ல."

குரலில் குத்தல் இல்லை. குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல் அன்பாகத்தான் சொன்னாள். பெரியவளுக்குக் காது மடல் சுட்டது. 'அவ முடிச்சைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது' என்று அவள் சொன்னது ஒரு நத்தையின் ஓட்டுக்குள். அது போன வாரம், சின்னவள் காய்கறிக் கடைக்குப் போயிருந்த நேரம். கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே நிற்க ஆளே இல்லை.

"யார் சொன்னா வயிறு எரியுதுன்னு?" என்று கேட்டாள். குரல் கரகரத்து வந்தது. இரண்டு மூன்று நாளாகவே தொண்டை அப்படித்தான் இருந்தது. பஞ்சுத் தூசி.

"நீதான்" என்றாள் சின்னவள், தலையைத் தூக்காமல். "இந்த மரம் ஒரு பக்கமா சாயுதுக்கா. அடியைப் பிரிச்சு இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கட்டுமா?"

"அதைத் தொடாதே."

"கோவப்படாதே. கேட்டேன்."

ராத்திரி முழுக்கப் பெரியவள் யோசித்துப் பார்த்தாள். போனை எங்காவது ஒளித்து வைத்துப் பதிவு செய்கிறாளோ? விடிந்ததும் மேசையடி, நூல்பெட்டி, பஞ்சு மூட்டை, ஒன்றையும் விடாமல் துழாவினாள். நூல்கண்டும் தொலைந்துபோன இரண்டு கத்தரிக்கோலும்தான் கிடைத்தன. பின்னறைக்குப் போனாள். சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணைக்கும் காதுக்கும் நடுவில் அந்தப் பழுப்புக் காளான் இருந்தது. காளானின் மடிப்புகள் காதில் அமுங்கியிருந்தன.

அவள் எழுந்ததும் பெரியவள் கேட்டாள். "அது ஏன் உன் படுக்கையில கிடக்கு?"

"பக்கத்துல வச்சா தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள்.

தலையணையில் கிடந்த காளானைப் பெரியவள் எடுத்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத தையல் அப்படியே இருந்தது, ஒரு இழைகூடப் பிரியவில்லை. பிரித்துத் திரும்பத் தைத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தன் தையலையும் அடுத்தவர் தையலையும் இருட்டில் விரலால் தடவியே சொல்லிவிடுவாள். காளான் வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் கன்னத்தடியில் கிடந்ததல்லவா, சூடு இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு அதை அலமாரியில் வைத்தாள். வைத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் மனசு ஆறவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பச்சை நூல் வாங்கிவரச் சொல்லிச் சின்னவளை அனுப்பினாள். மழை பிடித்திருந்தது. ஜன்னலில் நின்று, குடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தாள். கதவைப் பூட்டினாள். இரண்டு போனையும் — சின்னவள் அவளுடையதை வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள் — அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். பிறகு உட்கார்ந்து, பாதி முடிந்திருந்த ஒரு விதைக்காயை எடுத்துத் திறப்பில் வாயை வைத்தாள். நிஜம் எதையும் சொல்லவில்லை. ஒரு பொய்யை யோசித்து வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் அவளை வெளிய போகச் சொல்லப் போறேன்."

பஞ்சைத் திணித்தாள். ஒன்பது தையல், ஒரு முடிச்சு, நூலை உள்ளே இழுத்து வெட்டினாள். போன்களைத் திரும்ப எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துச் சின்னவள் நனைந்து வந்தாள். குடையை மூலையில் சாத்தினாள், நூலை மேசையில் வைத்தாள், மேசையில் கிடந்த விதைக்காயை எடுத்து அழகு பார்த்தாள். "நல்லா வந்திருக்குக்கா" என்று அதைக் கன்னத்தில் ஒருமுறை வைத்துவிட்டு அலமாரியில் அடுக்கினாள். டீ போட்டாள். இரண்டு பேரும் குடித்தார்கள். மழைச் சத்தமும் கீழே இயந்திரத்தின் பெருமூச்சும் தவிர வேறு சத்தம் இல்லை.

டம்ளரைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சின்னவள் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் எங்கக்கா போவேன்?"

பெரியவள் முன்னறை அலமாரியை எட்டிப் பார்த்தாள். ஒட்டுக் கேட்கவில்லை. ஒருத்தரும் ஒட்டுக் கேட்கவில்லை. இத்தனை நாளும் தங்கையைத் திட்டியது வீண். காட்டிக்கொடுத்தது இந்த உருவங்கள்தான். தன் கையால் வெட்டி, தன் கையால் தைத்து, தன் மூச்சை ஊதி விரித்தவை. பெற்ற பிள்ளை மாதிரி என்று சொல்வார்கள்; பெற்ற பிள்ளையிடம்கூட அவள் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. யாரிடம் போய் அழுவது? அழுவதற்கென்று அவள் வைத்திருந்ததே இவைகளைத்தான்.

"உன்னை யாருடி போகச் சொன்னா" என்றாள். சொன்னது காற்றாகத்தான் வந்தது. சின்னவளுக்குக் கேட்டதோ என்னவோ, திரும்பவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே வெளிச்சம் இல்லை. மழை ஓயாமல் பெய்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னவள், நாளைக்கு உருவங்களைக் கட்ட அட்டைப்பெட்டி கேட்டுவருகிறேன் என்று தெருக்கோடி மளிகைக் கடைக்குப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்ததும் பெரியவள் தையலை அறுக்கிற பிரிப்பூசியை எடுத்தாள். பதினெட்டு வருஷத்தில் மூடின உருவத்தை அவள் பிரித்ததே இல்லை. பழுப்புக் காளானை மடியில் வைத்து, ஒன்பது தையலையும் ஒவ்வொன்றாக அறுத்தாள்.

திறப்பு விரிந்தது. வெள்ளைப் பஞ்சு இல்லை. அவள் திணித்த பஞ்சு உள்ளே படிந்து, ஈரமாகி, மடிப்பு மடிப்பாகச் சிவந்து இருந்தது. கிராம்பு வாசனை வந்தது. அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. எப்போதும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பாள். தன் வாயின் வாசனை தன் மூக்குக்கு வெளியிலிருந்து வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரத்துப்போகாத விரலால் உள்ளே தொட்டாள்.

மடிப்புகள் விரலைச் சுற்றி மெதுவாக இறுகின.

"நான் செத்தா" என்றது காளான்.

அவளுடைய குரல். கரகரப்பு இல்லாத குரல், பழைய குரல், அவள் தொலைத்துவிட்டது. விரலைப் பிடுங்கிக்கொண்டு காளானை மேசைக்கடியில் எறிந்தாள். அது அங்கே கிடந்து, மிச்சத்தையும் நிதானமாகச் சொல்லி முடித்தது.

அப்புறம்தான் திரும்பி அடிமரத்தைப் பார்த்தாள்.

சின்னவள் சொன்னது உண்மை. அது சாய்ந்திருந்தது. பின்னறைப் பக்கமாக, சின்னவள் படுக்கிற பக்கமாக.

இன்றைக்கே, இப்போதே அதை வெளியே அனுப்பிவிட வேண்டும். நூலகருக்குப் போன் போட்டாள்.

"வணக்கங்க, சொல்லுங்க" என்றார் உஷ்.

வண்டியை இப்பவே அனுப்புங்க என்றாள். உதடு அசைந்தது. தொண்டை அசைந்தது.

"ஹலோ? யாருங்க? சத்தமே வரலைங்களே." கொஞ்சம் பொறுத்தார். "மழையில லைன் சரியில்லன்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலையில வண்டி வந்துடும், கவலைப்படாதீங்க." வைத்துவிட்டார்.

அடிமரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். ஆறு கிலோ பஞ்சு. அவளே மூட்டையிலிருந்து எண்ணி எண்ணி அள்ளிப் போட்டது. அது அசையவில்லை. பட்டைக்குக் கீழே கதகதப்பு இருந்தது, கார்டுராய் வரிகளுக்கு அடியில் ஏதோ நிரம்பி, வடிந்து, திரும்ப நிரம்பியது. பட்டையில் காது பட்டுவிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இழுத்தாள். தரையோடு ஒரு சாண் நகர்ந்தது. அவ்வளவுதான். மரத்த விரல்கள் பிடியை விட்டன.

படியிறங்கிச் சலவைக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு கோட்டுச் சட்டையை இஸ்திரி இயந்திரத்தில் விரித்துக்கொண்டிருந்தார். மேலே கையைக் காட்டினாள், வாவென்று சைகை செய்தாள், தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அடடா, தொண்டை கட்டிக்கிச்சா" என்றார் அவர். "பேசாதீங்க பேசாதீங்க. பேசினா இன்னும் மோசமாகும். உக்காருங்க, வெந்நீர் தரேன்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க தங்கச்சி இப்பத்தான் மேல போச்சு, நாலு அட்டைப்பெட்டி தலையில வச்சுக்கிட்டு. நீங்க பாக்கலையா?"

கடைக்குள்ளிருந்து ஏறுகிற பின்பக்கப் படி வழியாகப் போயிருக்கிறாள்.

பெரியவள் ஓடினாள். படி பதினான்கு. ஏழாவது படியில் குரல் கேட்டது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிற குரல். அழுகைக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற விதம், வார்த்தை கிடைக்காதபோது நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற விதம், எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

"...அவர் நிம்மதியா இருக்கேன்னாருன்னு நான்தான்டி சொன்னேன். அவர் சொல்லல. அவர் உன்னைக் கூப்பிடத்தான் போன் பண்ணினாரு."

கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. அட்டைப்பெட்டிகள் வாசலிலேயே கவிழ்ந்து கிடந்தன. சின்னவள் அடிமரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை பட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. காதைப் பொந்தின் விளிம்பில் ஒட்டவைத்திருந்தாள். அடிப்பக்கத் தையல் பிரியவில்லை. அவள் எதையும் பிரிக்கவில்லை. முகத்தில் கண்ணீர் இல்லை.

குரல் நின்றது.

சரி, முடிந்தது என்று நினைத்தாள் பெரியவள். தெரிந்துவிட்டது. காலில் விழலாம். தப்புதான், கொலைக் குற்றம் மாதிரி தப்புதான், தனியாக இருக்கப் பயந்து செய்துவிட்டேன் என்று சொல்லலாம். அடிக்கட்டும். போகட்டும். ஒரு வருஷம் கழித்தாவது ஒரு போன் போடுவாள். நெஞ்சில் இத்தனை வருஷம் கிடந்த கல் புரண்டு, ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு இடம் கொடுத்தது.

அடிமரம் மூக்கை உறிஞ்சியது.

"இன்னொண்ணும் இருக்குடி" என்றது.

பெரியவள் நின்றாள். இன்னொன்று இல்லை. அவள் சொன்னது அவ்வளவுதான்.

"நீ இங்க வந்த புதுசுல முழுகாம இருந்தியே. ரெண்டரை மாசம். அது தானா கலையலடி."

இல்லை.

"குழந்தை இருந்தா நீ எப்படியும் அவர்கிட்ட போயிடுவ. டீயில கலந்தேன். மூணு நாள்."

இல்லை. பொய். அது தானாகத்தான் கலைந்தது. இப்படி ஆவதுண்டு, யார் தப்பும் இல்லை என்று மருத்துவரே சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரியவள்தான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. ஒருநாளும் வந்ததில்லை.

"நீ கசக்குதுன்னு சொன்ன. தேயிலை ஜாஸ்தியாயிடுச்சுன்னு நான் சொன்னேன்."

அவளுடைய அழுகை. அவளுடைய நாக்கு. கேட்கிற எவரும் நம்புவார்கள். அவளுக்கே ஒரு கணம் வாயில் கசந்தது.

கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. மேசையில் கையால் அடித்தாள். கத்தரிக்கோல் விழுந்தது. ஓடிப்போய்ச் சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சின்னவள் நிமிர்ந்தாள். அக்காளின் முகத்தைப் பார்த்தாள், திறந்து மூடுகிற வாயைப் பார்த்தாள், தலையை இட வலமாக ஆட்டுவதைப் பார்த்தாள். யாரோ ஒரு ஊமைப் பெண் வழி கேட்டு நிற்பதுபோல் பார்த்தாள். பிறகு தோளில் இருந்த கையை, ஒவ்வொரு விரலாக, மரத்த இரண்டையும் சேர்த்து, மெதுவாக எடுத்துவிட்டாள்.

திரும்பிக்கொண்டாள். அடிமரத்தை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள். காதைப் பொந்துக்குள் வைத்தாள்.

"சொல்லுக்கா" என்றாள் அதனிடம், ரொம்பப் பொறுமையாக. "அப்புறம்?"

பொந்துக்குள்ளிருந்து வந்த மூச்சில் அவளுடைய காதோர முடி அசைந்தது.